பின்மூலைக் கசிவு

கன்னத்தில் விழுந்தது சாரலா எண்ணெயா தெரியவில்லை. புறங்கையால் துடைத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நிறமில்லை, தண்ணீர்தான். தென்காசியில் ஆனி பிறந்துவிட்டால் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தாலும் சாரல் தேடிக்கொண்டு வந்துவிடும், காற்று அதைக் குறுக்காகக் கொண்டுவந்து காதுக்குள் போட்டுவிட்டுப் போகும். விரித்த சாக்கு நனைந்து முதுகு குளிர்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஐம்பத்து மூன்று வயதில், நைட்டிக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஒருத்தி காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பதை எதிர்வீட்டு மாடியிலிருந்து யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். நினைக்கட்டும். மாட்டுக்குப் பின்னால் நின்று தோள்வரைக்கும் கையை விட்டுக் கன்றுக்குட்டியின் காலைத் தேடுகிற உத்தியோகத்தில் இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவளுக்கு யார் என்ன நினைப்பார்கள் என்கிற கவலை எப்போதோ விட்டுப்போயிற்று. கால்நடை ஆய்வாளர் உலகம்மை என்று பலகையில் எழுதியிருக்கிறது, ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, டாக்டரம்மா என்கிறார்கள், நான் டாக்டர் இல்லை என்று முதல் ஐந்து வருஷம் திருத்திப் பார்த்தேன். வாசல் சரிவில் முன்சக்கரங்களை மேலே ஏற்றி, கைபிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குச் செங்கல் அணை கொடுத்திருக்கிறேன், பயமில்லை. இல்லை, கொஞ்சம் இருக்கிறது, மூக்குக்கு ஒரு முழத்துக்கு மேலே இத்தனை இரும்பு தொங்குகிறதே. அதோ அந்தச் சொட்டு. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் கறுப்பாகத் திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நடுங்கிக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் உள்ளே தேன் நிறம் காட்டிக்கொண்டு. விழுந்துவிட்டது. அடுத்தது திரள எவ்வளவு நேரம் ஆகும் என்று எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டேன், ஏனென்றால் நாற்பதைத் தாண்டும்போது பதினொரு மணி ஞாபகம் வந்துவிட்டது.

பதினொரு மணிக்கு வண்டியை வாங்க வந்துவிடுவார்கள். பாவூர்சத்திரத்திலிருந்து ஆவுடையப்பன், கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். புதன்கிழமை வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், ஹார்னை ஒரே ஒரு தடவை அமுக்கிவிட்டுத் தன் சத்தத்தைத் தானே கேட்ட பிள்ளை மாதிரி சிரித்தார். எண்ணெய் கசியுது அண்ணாச்சி, மறைக்க மாட்டேன் என்றேன். "கசிஞ்சா கசிஞ்சிட்டுப் போவுது, எந் தங்கச்சி மகன் மெக்கானிக்குத்தான, அவன் பாத்துக்கிடுவான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பதினொன்று, வீட்டம்மாவோடு வருகிறேன் என்றார். சரி என்றேன். அந்தச் சரி எப்படி என் வாயிலிருந்து வந்தது என்பதைத்தான் நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முந்தின சரி ஒன்று இருந்தது, அது என் வீட்டுக்காரரிடம் சொன்னது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வித்திருவோம் உலகு, என்றார், சங்கரநயினார் எதையும் சத்தமாகச் சொல்கிற ஆள் இல்லை, மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்தும் கோபம் வந்து நான் பார்த்ததில்லை, ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார், சரி என்றேன். அதற்கும் முந்தியது பீர்முகம்மது. பைபாஸ் ஓரத்தில் ஷெட் போட்டிருக்கிற பீரு, நல்ல பையன், கைவேலைக்காரன், ஆனால் எப்போதும் நாலு வண்டி காத்துக்கொண்டிருக்கும். குனிந்து டார்ச் அடித்தான், ஒரு நிமிஷம்கூட இருக்காது. "யக்கா, கிராங்க் சீல் போயிட்டு. கியர்பாக்ஸ இறக்கித்தான் பாக்கணும். இந்த வயசு வண்டிக்கு அம்புட்டுத் தூரம் போவணுமான்னு யோசிச்சுக்கிடுங்க." கிராங்க் சீல், கிராங்க் சீல் என்று வீடுவரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன், ஏதோ வியாதியின் பெயர் மாதிரி. ஒருத்தர் ஒன்று சொல்ல, அதை அடுத்தவரிடம் நான் சொல்ல, அவர் ஒன்று சொல்ல, கடைசியில் வண்டியே போகிற இடத்துக்கு வந்துவிட்டது, இதில் நானாக ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. விற்கிறதுக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இன்றைக்கு விடியும்போது தோன்றிற்று. பார்ப்பதற்குத்தான், வேறொன்றுமில்லை. அப்படித்தான் இவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வேறொன்றுமில்லை என்றால் எதற்கு விடிந்ததும் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். ஐம்பது வயதில் ஓட்டப் படித்த வண்டி. அதுவரைக்கும் மொபெட்தான், முன்னால் சினை ஊசிக்கான நைட்ரஜன் கேன், பின்னால் மருந்துப் பெட்டி, கால்வாய்க்கரையில் ஒருநாள் சறுக்கி விழுந்ததில் கேன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வலது தோள் அன்றைக்குப் போனது, இன்றைக்கும் மேகமூட்டமானால் எனக்கு முன்னால் அதற்குத் தெரியும். பயிற்சிக்காரர் பெரிய மீசைக்காரர், கிளட்ச்ச விடுங்க, விடுங்கங்கேன் என்று கத்துவார், விட்டால் வண்டி குதித்து நிற்கும், பதினேழு நாள் குதித்தது, பதினெட்டாம் நாள் குதிக்காமல் நகர்ந்தபோது நான் அழுதுவிட்டேன், அவர் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாரமே தேடிப் பிடித்து வாங்கின வெள்ளை வண்டி, அப்போதே அதற்கு வயது பதினாலு. பின்சீட்டில் கை உறைகள், குடை, மாற்றுச் சேலை, பிளாஸ்க். மத்தியானம் எந்த ஊர் ஓரமாவது புளியமரத்தடியில் நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தயிர்சாதத்தைச் சாப்பிடும்போது சாரல் மேலே தட்டும், உள்ளே நான் மட்டும். ஆஸ்பத்திரியில் பேருக்கு ஒரு அறை, அதில் எல்லோரும் வருவார்கள். வீட்டில் எல்லா அறைக்கும் எல்லோரும் வருவார்கள். சாத்தினால் எனக்கென்று சாத்திக்கொள்கிற கதவு இந்த வண்டிக்கு மட்டும்தான் இருந்தது. இதை யாரிடம் சொல்ல முடியும், ரசத்தை ஊற்றிக்கொண்டிருப்பவரிடம் சொன்னால் அவர் பாவம், நான் என்ன செய்தேன் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அவருக்கு வேறு பயம். இருட்டுகிற நேரத்தில் மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று போன் வந்தால் நான் சாவியை எடுக்கிறேன், அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார், திரும்பி வரும்வரைக்கும் நின்றாரோ என்னவோ, வரும்போதும் அங்கேயே நிற்பார். வண்டி போனால் இந்தப் போக்கும் போகும் என்று ஒரு கணக்கு இருக்கலாம். இருந்தால் என்ன, அது அன்புதானே. ஆனாலும்.

சரி, வேலையைப் பார்ப்போம். மண்ணெண்ணெய் நனைத்த பனியன் துணியால் துடைக்கத் துடைக்கக் கறுப்பு உருண்டு வருகிறது, சேறும் எண்ணெயும் சேர்ந்து உறைந்த கறுப்பு, அதை வழித்தால் அடியில் வெள்ளி மாதிரி அலுமினியம். யாரும் இதைத் துடைத்ததே இல்லை. நாலு பக்கமும் ஈரமாக இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று யாரால் சொல்ல முடியும், கீழே சொட்டுகிற இடம் கடைசி இடம், அவ்வளவுதான், முதல் இடம் எங்கேயோ இருக்கிறது. இது எனக்குத் தெரியாததா. தெரியும், தெரிந்தும், மாடத்தியின் செவலைப் பசு. இல்லை, அது வேண்டாம் இப்போது. இந்தப் போல்ட் பக்கம் இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய். செவலை தீனி எடுக்கவில்லை என்று ஆய்க்குடிப் பக்கத்திலிருந்து மாடத்தி போன் பண்ணினாள், போனேன், வயிறு உப்பியிருந்தது, உப்புசம்தான் என்றேன், மருந்து கொடுத்தேன், அடுத்த நாளும் போய்க் கொடுத்தேன். பசு முன்னங்காலை அகட்டி வைத்துக்கொண்டு நின்றது, சரிவில் இறங்கும்போது முனகியது, இரண்டையும் பார்த்தேன், பார்த்துவிட்டு வயிற்றையே தட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் டாக்டர் வருவதற்குள் போய்விட்டது. அறுத்துப் பார்த்தால் தீனியோடு விழுங்கின வேலிக் கம்பி, விரல் நீளத்துக்கு, இரைப்பையைத் துளைத்து நெஞ்சுவரைக்கும் போயிருந்தது. வேலி எப்பம்மா போட்ட, என்று அப்புறம் கேட்டேன். பத்து நாளாவுது என்றாள். "நீங்க கேக்கல, எனக்கும் சொல்லணும்னு தோணல டாக்டரம்மா" என்றாள், குறையாகச் சொல்லவில்லை, கை கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். திட்டியிருந்தால் இந்நேரம் ஆறியிருக்கும். அந்தத் தண்ணீர்தான் ஆறவில்லை. எல்லா வீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வி அது, எப்பலேருந்து, அதுக்கு முன்னால என்ன தின்னுச்சு, அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை, வெயில், பசி, அடுத்த ஊரில் முகாம், அவசரம். பீருவுக்கும் நாலு வண்டி காத்துக்கொண்டிருந்தது. பீருவை நான் எப்படிக் குறை சொல்வேன்.

எப்பலேருந்து. துணியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. இந்த வண்டி எப்பலேருந்து கசிகிறது. நான் கேட்கவே இல்லையே, பீருவும் கேட்கவில்லை, யாருமே கேட்கவில்லை. முதலில் பார்த்தது வைகாசி விசாகத்துக்கு மறுநாள், பள்ளிக்கூட மைதானத்தில் தடுப்பூசி முகாம், வண்டியை எடுத்தபோது வாட்ச்மேன் ஓடிவந்து தரையைக் காட்டினார், டாக்டரம்மா, ஒங்க வண்டி ஒண்ணுக்கு அடிச்சிருக்கு என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். அதற்கு முன்னால் சொட்டு இல்லை. இருந்தால் இங்கே வாசல் சிமெண்டில் கறை இருந்திருக்கும், இவர் தினம் பெருக்கித் தெளிக்கிற ஆள், சொல்லியிருப்பார். அதுக்கு முன்னால என்ன தின்னுச்சு. அந்த வாரம் என்ன நடந்தது. பெட்ரோல் போட்டேன், டயருக்குக் காற்று அடித்தேன், திங்கட்கிழமை, ஆமாம், திங்கட்கிழமை டக்டக்கென்று சத்தம் வருகிறது என்று பீருவிடம்தான் விட்டேன், டேப்பெட் செட் பண்ணினான், அதற்கு இன்ஜினுக்கு மேலே இருக்கிற டேப்பெட் கவரைக் கழற்றினான், தட்டு மாதிரி மூடி, கழற்றித் தரையில் வைத்ததை நானே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி மூடினான். மேலேதான் திறந்தது. கீழே யாரும் தொடவில்லை. சாக்கோடு சேர்ந்து வெளியே நகர்ந்தேன், எழும்பும்போது தலையில் பம்பர் இடித்தது, வலிக்கவே இல்லை. இல்லை, வலித்தது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பானெட்டைத் தூக்கிக் கம்பு கொடுத்துவிட்டுப் பார்த்தால் முன்பக்கமெல்லாம் காய்ந்து கிடக்கிறது, பின்பக்கம், இன்ஜினுக்கும் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற தகரத்துக்கும் நடுவில், இருட்டு. அங்கே கண் போகாது. அங்கேயும் துணியைக் கம்பில் சுற்றி இறக்கித் துடைத்தேன், கீழேயும் துடைத்தாயிற்று, இனி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், ஆனால் கறுப்பு இரும்பில் புது எண்ணெய் வந்தால் எப்படித் தெரியும் என்று நின்றபோது கை உறைப் பெட்டி கண்ணில் பட்டது. பழைய நாளில் உறை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே பவுடர் போடுவோம், வெள்ளையில் ஒரு துளி ஈரம் பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே போய் அலமாரியிலிருந்த முகப் பவுடர் டப்பாவை எடுத்துவந்து அடியில் அந்தச் சேருமிடத்திலும், மேலே கவரைச் சுற்றியும், பின்பக்க இருட்டிலும் தட்டினேன். மண்ணெண்ணெயும் சந்தனப் பவுடரும் சேர்ந்து ஒரு வாசம், கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிற மாதிரி. "ஏங்க, இங்கன வந்து வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க" என்று கூப்பிட்டேன். பேப்பரோடு வந்தவர் வண்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "வண்டிக்குப் பவுடர் போட்டிருக்க." ஆமா. "பொட்டும் வைக்கணுமா?" அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, சாவியைத் திருப்பத் தெரியும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன், திருப்பினார், பிடித்துக்கொண்டது. "நீ அடியில போயிராத உலகு, ஓடுத வண்டி" என்றார். போகமாட்டேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து நின்றோம், சாரல் பானெட்டின் அடியில் நுழையாமல் குடையை அவர் பிடித்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷத்தில் இப்படி இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றது மகள் தொட்டிலில் கிடந்தபோதுதான், காய்ச்சல் இறங்குகிறதா என்று பார்த்து நின்றோம், அவள் இப்போது ஓசூரில் பெரிய அதிகாரி. ஐந்து நிமிஷம். ஏழு நிமிஷம். ஒன்றும் இல்லை, எல்லாம் வெள்ளையாகவே இருக்கிறது, ஒருவேளை கிராங்க் சீல்தானோ, பீரு சொன்னதுதானோ, ஒரு நிமிஷம் பார்த்தாலும் தெரிந்தவன் தெரிந்தவன்தானே, நான் யார், மாட்டு ஊசி போடுகிறவள். பத்தாவது நிமிஷம் அவர்தான் பார்த்தார். "உலகு, அந்தா." தகரத்தை ஒட்டின பின்பக்கச் சுவரில், வெள்ளைக்கு நடுவில், ஒரு கறுப்புக் கோடு. நூல் மாதிரி. மேலேயிருந்து கீழே. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டது. கீழே சாய்ந்து செல்போன் வெளிச்சம் அடித்தேன், சேருமிடம் வெள்ளை வெளேரென்று, அந்த நூல் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. "அணைச்சிருங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அணைச்சிருங்க.

சூடு தணிய விட்டேன். அந்தக் கால்மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன், அவர் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். நான் நினைத்தது வண்டியைப் பற்றிக்கூட இல்லை, சும்மா, குற்றால மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கையை விட்டேன். தகரத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் நாலு விரல் இடம், பெரிய கை போகாது, பீருவின் கை போகவே போகாது. என் கை இடுக்குக்குப் பழகினது, கண்ணை மூடிக்கொண்டால்தான் அதற்கு நன்றாகத் தெரியும். கவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே போனேன், வழவழ, வழவழ, ஒரு போல்ட், மறுபடி விளிம்பு, ரப்பர் பேக்கிங் உள்ளே ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது, இன்னும் தள்ளி, தோள் வலிக்கிறது, இன்னும் கொஞ்சம், மூலை. அங்கே இருந்தது. கன்று தலை முந்திக் கிடக்கும்போது கையில் முதலில் தட்டுப்படுமே நாக்கு, அது மாதிரி மெத்தென்று வெளியே துருத்திக்கொண்டு ஒரு துண்டு ரப்பர். மடங்கி, விளிம்பில் நசுங்கி, ஓரத்தில் ஈரம். விரலை எடுத்துப் பார்த்தேன், நுனியில் எண்ணெய், இன்னும் வெதுவெதுப்பாக, சுத்தமாக, நெய் மாதிரி. இதுதான். சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, அவர் என்ன என்ன என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, பேக்கிங் மடங்கியிருக்கு. அம்புட்டுத்தான். அம்புட்டுத்தாங்க." பீருவுக்குப் போன் போட்டபோது அவன் முதலில் நம்பவில்லை, எந்த மூலை என்று இரண்டு தடவை கேட்டான். "யக்கா, டேப்பெட் செட் பண்ணி மூடினது நாந்தான்" என்றான். ஆமா பீரு. "பழைய பேக்கிங்கயே வச்சு மூடிட்டேன். பின்னால மடங்கினத நான் பாக்கல. இந்தா, புதுசு எடுத்துட்டு வாரேன், ஷெட்டுல ஒண்ணு கெடக்கு." பத்து நிமிஷத்தில் பைக்கில் வந்துவிட்டான், முகத்தை நேரே காட்டாமல் பவுடரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கழற்றினான், பழையதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான், மடங்கின மூலை மட்டும் எண்ணெயில் ஊறி மெத்தென்று, மற்றதெல்லாம் எருமைக் கொம்பு மாதிரி விறைத்துப்போன ரப்பர். "ஒரு நிமிசம் துடைச்சுப் பாத்திருக்கணும்கா." எனக்கும் ஒருநாள் அப்படி ஆச்சுடே என்றேன். சொன்னதில் மூச்சு ஒன்று இறங்கினது. ஆறின மாதிரி இல்லை. இறக்கி வைத்த மாதிரி.

அவன் கடைசிப் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருக்கும்போது ஆட்டோ வந்து நின்றது. மணி பத்துக்கூட ஆகவில்லை. ஆவுடையப்பன் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார், பின்னாலேயே அவருடைய வீட்டம்மா, ஒல்லியாக, வெடுக்கென்று, கையில் ஒரு கூடை. கூடைக்குள் வண்டிக்குப் போட மாலை, சூடம், சக்கரத்துக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம். அந்த நாலு பழத்தைப் பார்த்ததும் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்தேன். பார்ப்பதற்குத்தான், வேறொன்றுமில்லை என்று சொன்னேனே, பொய். விடியும்போதே பொய். இப்போது எப்படிச் சொல்வது, மழையில் பஸ் ஏறி, ஆட்டோ பிடித்து, மாலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறது, கொடுத்துவிடலாம், கசிவு நின்ற வண்டியாகவே கொடுத்துவிடலாம், அவர் அந்த ஹார்னை அமுக்கிவிட்டுப் போகட்டும். வாயைத் திறந்தபோது வேறு வந்தது. "அண்ணாச்சி, நீங்க என்னையத் திட்டணும். கசிவு எங்கேன்னு கண்டுபிடிச்சிட்டேன். சின்ன விஷயந்தான், சரி பண்ணியாச்சு. எனக்குக் குடுக்க மனசு வரல." அவர் முகம் இறங்கிவிட்டது. "அதெப்படிங்க, நல்லா ஆனவுடனே இல்லைன்னா? கெட்டதா இருந்தப்ப நான் வாங்கிக்கிடுதேன்னேன்லா? வார்த்தைன்னு ஒண்ணு இல்லையா?" நியாயம். சங்கரநயினார் தொண்டையைச் செருமினார், இவர் என்ன சொல்லப்போகிறார், வித்திருவோம் என்று சொன்னதே இவர்தானே. "தப்பு என்மேல ஆவுடையப்பன். விக்கச் சொன்னது நான், அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம சொல்லிட்டேன்" என்றார், சாரல் நனைக்கிற தரையைப் பார்த்துக்கொண்டு. பீரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அந்த அம்மாள், கோமதி என்று பெயர், பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "பவுடர் யாரு போட்டது?" நான்தான். "நீங்களே அடியில படுத்தா பாத்தீய?" ஆமா. கொஞ்ச நேரம் என் சட்டையை, கையை, நெற்றிக் கறுப்பைப் பார்த்தாள். "விடுங்க, அவங்க வண்டி அவங்களுக்கு" என்றாள் புருஷனிடம். "ஒங்க தங்கச்சி மவன் ஓட்டி நான் உக்காந்து போவணும்னுதான கெடந்து தவிச்சீய. அவன் ஓட்டுத ஓட்டுக்கு நான் பஸ்லயே போவேன்." மாலையைத் திருப்பி எடுத்துப்போவதா என்று அவளே வண்டிக்குப் போட்டுவிட்டாள். "வேற வண்டி பாருங்க அண்ணாச்சி" என்றேன், "நான் வாரேன், அடியில படுத்துப் பாத்து நானே வாங்கித் தாரேன், இது சத்தியம்." அவர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. காப்பி குடித்த பிறகு சொன்னார்.

ஆட்டோவை அனுப்பிவிட்டிருந்தார்கள், நான் கொண்டுவிடுகிறேன் என்றேன். சட்டையைக் கழற்றிச் சேலைக்கு மாறி வந்தபோது சாரல் விட்டு வெயில் வந்திருந்தது, அந்த வெயில் பத்து நிமிஷம்கூட நிற்காது, ஆனால் நிற்கிறவரைக்கும் ஊரெல்லாம் பளபளக்கும். கோமதியம்மாள் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள், ஆவுடையப்பன் பின்னால் குடையோடும் மருந்துப் பெட்டியோடும். ரோட்டின் இரண்டு பக்கமும் நடவு வயல், தண்ணீரில் மலை தலைகீழாக. அவள் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள், எந்தக் கால் எப்போது அமுங்குகிறது என்று. "எத்தன நாள்ல படிச்சீய?" என்றாள் கொஞ்சம் தூரம் போனதும். பதினெட்டு நாள் என்றேன், பதினேழு நாள் குதித்தேன் என்பதையும் சொன்னேன். "எத்தன வயசுல?" ஐம்பது. "எனக்கு அம்பத்தொம்பது" என்றாள், கேள்வி மாதிரி இல்லை, பதில் மாதிரியும் இல்லை. ஊருக்கு முந்தின செங்கல் சூளைப் பக்கம் பெரிய பொட்டல், சூளை வேலை இல்லாத காலம், ஈ காக்கை கிடையாது. நான் யோசிக்கவில்லை, வண்டி தானாகவே திரும்பின மாதிரி இருந்தது. இறங்கி இடம் மாறினோம். "என்னையும் சேத்துக் கொல்லப் போறீயளா?" என்று ஆவுடையப்பன் இறங்கிக் குடையை விரித்துக்கொண்டு ஓரமாக நின்றுகொண்டார். கிளட்ச்சை அமுக்குங்க, கியரை நான் போடுதேன், இப்ப மெல்ல விடுங்க, கோழிக்குஞ்ச கையிலேருந்து விடுத மாதிரி. குதித்து நின்றது. மறுபடி. குதித்து நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், என் வலது கால் இல்லாத பிரேக்கை அமுக்கிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை வண்டி ஒரு நடுங்கு நடுங்கிவிட்டு நகர்ந்தது, நடந்து போகிற வேகம்தான், ஈர மண்ணில் சக்கரம் சரசரவென்று, கண்ணாடியில் ஆவுடையப்பன் குடையோடு சின்னதாகிக்கொண்டே போனார், ஏதோ கத்தினார், கேட்கவில்லை. கோமதியம்மாள் வாயைத் திறந்தபடி ஸ்டியரிங்கை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். "போவுதே" என்றாள். "ஏ தாயி, போவுதே." பொட்டல் முடிகிற இடம் இன்னும் தூரத்தில் இருந்தது. "நிப்பாட்டுதது எப்படி, அத சொல்லலையே நீங்க?" என்று கேட்டாள்.

"நிப்பாட்ட வேண்டாம், இன்னும் கொஞ்ச தூரம் போங்க" என்றேன்.